கம்பும் கவாத்தும்

பொழுது புலரும் முன்னே பாகூர் ஏரிக்கரைப் பக்கம் போனாலும், வில்லியனூரிலிருந்து ஊசுட்டேரியை நோக்கிச் செல்லும் சாலைப் பக்கம் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். பனி விலகாத அந்நேரத்தில் இளைஞர்கள் நாலைந்து பேராய் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் கையில் கடிகாரம் இருக்கும். ஓட்டம் முடிந்ததும் மூச்சு வாங்க அனைவரும் அவனைச் சுற்றிக்கொண்டு நேரத்தைக் கேட்பார்கள். காவல்துறைத் தேர்வுக்கோ இராணுவத் தேர்வுக்கோ அவர்கள் தம்மைத் தயார் செய்துகொள்கிறார்கள். இராணுவத்திற்கு ஆள் எடுக்கும்போது 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியைப் பற்றிக்கொண்டு மோவாய் மேலேறும்வரை உடலை உயர்த்துதல், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுதல், கோணல்மாணலாக அமைந்த மரத்தின் மேல் விழாமல் நடத்தல் ஆகியவற்றை வைத்துப் பார்ப்பது வழக்கம்.

அதே ஊரில் மாலை வேளையில் வேறொரு காட்சி. கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ பத்து வயதுச் சிறுவரும் சிறுமியரும் வரிசையாக நின்று கம்பு சுழற்றுகிறார்கள். வாத்தியார் ஒருவர் அவர்களுடைய கைகளைப் பாராமல் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காலையில் நடப்பது கவாத்தின் இனம். மாலையில் நடப்பது கம்பின் இனம். படையில் சேரப்போகாத ஒரு மாணவனுக்கும் மாணவிக்கும் இவற்றில் எது வேண்டும், எவ்வளவு வேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை ஆராய்வது நல்லது. ஏனெனில், ‘இராணுவப் பயிற்சி’ என்ற பெயர் இன்று ஒரு கவர்ச்சிச் சொல்லாகிவிட்டது. பெயரைக் கேட்டு மயங்கிப் பொருளைக் கேளாமல் விடுவது மாணவருக்கு அழகன்று.

கவாத்து என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். அது அரபு மொழியில் ‘விதிகள்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து உருதுவின் வழியாக நம்மிடம் வந்தது. தேயிலைத் தோட்டத்தாரும் கவாத்து என்பர். அங்கே அது செடியின் தலையை வெட்டிச் சீராக்குவதைக் குறிக்கும். படைக்கவாத்தும் ஒருவகையில் அப்படித்தான். ஒவ்வொருவனுக்கும் உள்ள தனிப்போக்கைச் சிறிது வெட்டி, எல்லாரையும் ஓர் உயரத்திற்குக் கொண்டுவருகிறது.

இக்கவாத்து நம் நாட்டு மண்ணில் தன் ஆற்றலை முதன்முதலாகக் காட்டிய நிகழ்ச்சிக்கும் புதுவைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1746ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அடையாற்றங்கரையில் ஒரு போர் நிகழ்ந்தது. ஒருபுறம் ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் மாபூஸ்கானின் பெரும்படை. பத்தாயிரம் பேர் என்று சொல்வர். மறுபுறம் பிரெஞ்சுக்காரருடைய அதிகாரி பரதி நடத்திவந்த சிறு படை. ஆயிரம் பேர்கூட இருந்திரார். அவருள்ளும் பெரும்பகுதியினர் நம் நாட்டுச் சிப்பாய்களே. சிறு படை ஆற்றில் இறங்கிக் கரையேறி, வரிசை குலையாமல் சுட்டு, பின் துப்பாக்கி முனையில் பொருத்திய சனியனை நீட்டிக்கொண்டு முன்னேறியது. பெரும்படை சிதறி ஓடியது. ஆனந்தரங்கப் பிள்ளை புதுவையில் அமர்ந்து தம் நாட்குறிப்பை எழுதிவந்த காலம் அது. நவாபின் வீரர் கோழைகளல்லர். தனி ஒருவனாக வாளெடுத்து நிற்பதில் அவர்கள் தேர்ந்தவர்களே. ஆனால், அவர்களுக்கு முன்னே நின்றது ஒரு வரிசை. வரிசையை வாள் வெல்லவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1752இல், பாகூரிலேயே ஒரு போர் நடந்தது. ஆங்கிலேயர் படைக்கு லாரன்ஸ் தலைவர். பிரெஞ்சுப் படைக்குக் கெர்ஜான் தலைவர். இப்போது இருபுறமும் கவாத்துப் பழகியவர்கள். ஆகவே எவரும் எளிதில் ஓடவில்லை. இருதரத்து ஐரோப்பியரும் சனியனோடு சனியன் மோதும் அளவுக்கு நெருங்கி நின்று குத்திக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அக்காலப் போர்களில் இது அரிது. பெரும்பாலும் ஒரு பக்கத்தார் அந்த நெருக்கத்துக்கு முன்னரே திரும்பிவிடுவர். இறுதியில் பிரெஞ்சு வரிசையின் நடு உடைந்தது, கெர்ஜான் சிறைப்பட்டார். இன்று நெல் விளையும் பாகூர் வயல்வெளியில் நடந்துசெல்லும் மாணவர்கள், ‘கைகலந்த போர்’ என்பது திரைப்படத்தில் காணும் பாய்ச்சலும் சுழற்சியும் அன்று, மூச்சு முட்டும் தூரத்தில் நின்று மனிதனை மனிதன் இரும்பால் குத்துவது என்பதை ஒரு கணம் எண்ணிப்பார்க்கலாம். இதே பாகூர், ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைச் செப்பேட்டில் எழுதிவைத்த ஊர் என்பதையும் சேர்த்தே எண்ணலாம்.

கவாத்து ஏன் தோன்றிற்று? அக்காலத் துப்பாக்கியில் ஒரு குண்டு போடப் பல படிகள் உண்டு. மருந்தைக் கொட்டவேண்டும், குண்டை இறக்கவேண்டும், கோலால் இடிக்கவேண்டும், வத்திவாயில் மருந்து வைக்கவேண்டும். தோளோடு தோள் நிற்கும் நூறுபேர் இவற்றை ஆளுக்கொரு நேரத்தில் செய்தால் ஒருவன் கோல் மற்றவன் கண்ணில் பாயும். எனவே ஒரே சொல்லுக்கு ஒரே அசைவு என்று விதித்தார்கள். இன்றைய துப்பாக்கிக்கு அந்த விதி தேவையில்லை. போர்க்களத்தில் இன்று வரிசையாக நடப்பவன் முதலில் மடிவான். எனினும் உலகத்துப் படைகள் கவாத்தை விடவில்லை. பலர் சேர்ந்து ஒரு தாளத்தில் அசையும்போது அவர்களுக்குள் ஒருவகை ஒட்டுறவு பிறக்கிறது. களைத்தவனும் கூட்டத்தோடு இன்னும் பத்தடி நடக்கிறான். நாற்று நடும் பெண்கள் பாட்டோடு நடுவதும், கரைவலை இழுப்பவர் குரலோடு இழுப்பதும் இதே உண்மையினால்தான்.

ஆனால் கவாத்து தனிமனிதனுக்குத் தற்காப்பைக் கற்பிக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். கால்மாற்றி நடக்கக் கற்றவனுக்கு, இருட்டில் தன்மேல் பாய்பவனிடமிருந்து விலகத் தெரியும் என்பதில்லை. அதற்கு வேறு கல்வி வேண்டும். அந்தக் கல்விதான் நம்மிடம் நெடுங்காலமாக உள்ளது.

தமிழர் மற்போர் பழகியதற்குச் சங்க நூல்களே சான்று. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைப் புறநானூறு சொல்கிறது. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் தன்னை மாமல்லன் என்று அழைத்துக்கொண்டான். மாமல்லபுரம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சிலம்பத்தின் பழமையைப் பற்றியும் பற்பல கதைகள் வழங்குகின்றன. சிலர் அதற்கு ஐயாயிரம் ஆண்டு என்பர். ஒருவர் ஐயாயிரம் என்றால் அடுத்தவர் பத்தாயிரம் என்பார். இந்த ஏலத்தில் நாம் சேரவேண்டியதில்லை. ஒரு கலையின் சிறப்பு அதன் வயதில் இல்லை. அது எதைக் கற்பிக்கிறது என்பதில் இருக்கிறது.

சிலம்பக் கம்பு பொதுவாக நிற்பவனுடைய நெற்றிவரை எட்டும் உயரமுடையது. மூங்கிலோ பிரம்போ கொண்டு செய்வர். நல்ல வாத்தியார் எவரும் முதல்நாளே கம்பைக் கையில் தருவதில்லை. முதலில் உடலை வளைக்கும் பயிற்சி, பிறகு காலடி. வலக்காலை எடுத்து வைத்து, உடலைத் திருப்பி, இடக்காலை இழுத்து, மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வருதல். இவ்வாறு தரையில் காலால் கட்டம் போட்டுப் பழகுவதை ‘வீடு கட்டுதல்’ என்று சொல்வது அழகான வழக்கு. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வாத்தியாரிடம் சில மாதங்கள் சென்றிருந்தேன். மூன்று வாரம் வெறுங்கையோடு வீடு கட்டியது நினைவிருக்கிறது. “கம்பு எப்போது ஐயா?” என்று கேட்டதற்கு, “வீடு கட்டாமல் கதவை எங்கே மாட்டுவாய்?” என்றார். அன்று அது கேலியாகப் பட்டது. பொருள் விளங்கப் பள்ளியில் பௌதிகம் படிக்கவேண்டியிருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவன் கம்பின் ஒரு முனைப் பக்கம் பிடித்துச் சுழற்றுகிறான். கையிலிருந்து மறுநுனி வரை 1.2 மீட்டர் என்று கொள்வோம். வினாடிக்கு இரண்டு சுற்று என்றால் நுனியின் வேகம் வினாடிக்குச் சுமார் 15 மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர். நம்முடைய கண் ஓர் அசைவைக் கண்டு, மூளைக்குச் சொல்லி, கை அசையத் தொடங்குவதற்குச் சாதாரணமாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் கம்பின் நுனி மூன்று மீட்டர் வந்துவிடும்! ஆகவே, கம்பின் நுனியைப் பார்த்துத் தடுப்பது என்பது நடவாத காரியம். அடி வந்தபின் அதைத் தடுக்க நேரமில்லை. அடி புறப்படுமுன்னே அடிப்பவனுடைய தோளும் பாதமும் திரும்புவதைக் கண்டு, அந்த இடத்தில் நாம் இல்லாமல் இருக்கவேண்டும். அதற்குத்தான் காலடி. கை பிழைத்தாலும் கால் காப்பாற்றும்.

இன்னொன்றும் இக்கணக்கிலிருந்து விளங்கும். ஒரு பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கம்பை நடுவில் பிடித்தால், சுழலும் நுனிக்குத் தூரம் குறைவு, வேகமும் குறைவு, அடியின் வலிமையோ அதைவிடப் பன்மடங்கு குறைந்துவிடுகிறது. அதனால்தான் தொடக்கப் பாடம் நடுப்பிடியில் அமைகிறது. கற்கும் பிள்ளை தன் முழங்காலிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாலும் எலும்பு முறியாது. நம் முன்னோர் இதை வாய்பாடாக எழுதவில்லை. ஆனால் பாடத்தின் வரிசையில் பொதிந்து வைத்தார்கள்.

போட்டி முறையும் அறிவோடு அமைந்தது. எதிரியை வீழ்த்துவது வெற்றியன்று; தொடுவது வெற்றி. முன்னாட்களில் கம்பின் நுனியில் திருநீறோ வண்ணப்பொடியோ தடவிக்கொண்டு, யார் உடலில் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணுவார்கள். ஓங்கி அடிக்கும் ஆற்றல் உள்ளவன், ஓங்காமல் தொட்டு நிறுத்தவேண்டும். அடிப்பதைவிட இது கடினம். ஆட்டம் தொடங்குமுன் மண்ணையும் ஆசானையும் எதிரில் நிற்பவனையும் வணங்கும் சலாம் வரிசையும் உண்டு.

கடல்கடந்து பிரான்சுக்குப் போனால் அங்கேயும் கம்பைக் காண்கிறோம். 1852இல் பாரிசுக்கு அருகே ழுவான்வீல் என்னுமிடத்தில் இராணுவ உடற்பயிற்சிப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. காலால் உதைக்கும் ‘சவாத்’ என்ற ஆட்டமும், கைத்தடி ஆட்டமும், நீள்கம்பு ஆட்டமும் அங்கே படைவீரர்க்குக் கற்பிக்கப்பட்டன. புதுவைப் பகுதியிலிருந்து பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனம் முதலிய நாடுகளில் பணிபுரிந்ததும், அவர்களுடைய குடும்பங்கள் சில இன்றும் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறுவதும் நீங்கள் அறிந்ததே. முதல் உலகப்போரில் உயிர்நீத்தவர்க்காக எழுப்பி 1938இல் திறந்த நினைவுச்சின்னம் புதுவைக் கடற்கரையில் நிற்கிறது. சொல்தா என்று ஊரார் அழைக்கும் அந்த முதியவர்கள் விடியற்காலையில் நிமிர்ந்து நடந்துபோகும் நடையைப் பார்த்தே பல சிறுவர்கள் படைப்பயிற்சியில் ஆசை கொண்டிருக்கிறார்கள்.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் என்பவரை இங்கே குறிப்பிடவேண்டும். 1875இல் பிறந்த இவர், கருவிகளில் தொங்கித் தசையைப் பெருக்கும் பயிற்சியை ஏளனம் செய்தார். நடத்தல், ஓடுதல், தாண்டுதல், நான்கு கால்களில் தவழ்தல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காத்தல், நீந்துதல் என்னும் பத்துமே மனிதனுக்கு இயற்கைப் பயிற்சி என்று வகுத்துக் கடற்படை வீரர்க்குக் கற்பித்தார். பிறருக்குப் பயன்படுவதற்காகவே ஒருவன் வலிமை பெறவேண்டும் என்பது அவருடைய கொள்கை. இந்தப் பத்தில் ஒன்பதாவது இடத்தில்தான் தற்காப்பு வருகிறது என்பதைக் கவனியுங்கள். பத்தாவதான நீச்சலை நம் ஊர்ப் பயிற்சிகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறு. பாகூர்ப் பக்கம் தென்பெண்ணை. இரண்டுக்கும் நடுவே எத்தனை ஏரிகள்! 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டு பாகூர்ப் பகுதி ஊர்களைச் சூழ்ந்தது. அத்தகைய நாளில் முதியவர் ஒருவரை முதுகில் சுமந்து இடுப்பளவு நீரில் நடக்கத் தெரிந்தவன்தான் ஊருக்கு வேண்டும். கம்பு சுழற்றத் தெரிந்து நீந்தத் தெரியாதவன் அன்று திண்ணையில்தான் நிற்பான்.

மாணவர்க்குப் படைப்பயிற்சி அளிக்கும் நிறுவனம் நம் நாட்டில் தேசிய மாணவர் படை. 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் அது தோன்றியது. அடுத்த ஆண்டே மாணவியர் பிரிவும் ஏற்பட்டது. 1962இல் சீனப்போர் நிகழ்ந்தது. அந்த அதிர்ச்சியில் மறு ஆண்டு கல்லூரி மாணவர்க்கு அது கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பத்திற்கே விடப்பட்டது. ஆசையில்லாதவனைக் காக்கி உடுத்தி நிறுத்துவதால் எண்ணிக்கை பெருகும்; பயிற்சி பெருகாது. விரும்பி வருபவனுக்கோ அங்கே துப்பாக்கியைப் பிரித்துச் சேர்க்கவும், வரைபடம் பார்த்து வழி காணவும், முகாமில் நூறுபேருக்குச் சோறு வடிக்கவும் வாய்ப்பு உண்டு. கடைசியாகச் சொன்னது அற்பமென்று நினைக்கவேண்டாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குடிமக்களுக்கே கைச்சண்டை கற்பிக்கும் நிலை பல நாடுகளில் ஏற்பட்டது. 1940இல் செர்மானியர் படையெடுப்பை அஞ்சிய பிரிட்டனில் முதியவரும் இளைஞரும் ஊர்க்காவல் படையில் சேர்ந்தனர். ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணிசெய்த பேர்பேர்ன் என்பவர் அதிரடிப்படை வீரர்க்குக் கைச்சண்டை பயிற்றினார். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில், கேப்டன் லட்சுமியின் தலைமையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்திக் கவாத்துப் பழகினார்கள். இவையெல்லாம் போர்க்காலத்துக் கல்வி. போர்வீரனுக்குக் கற்பிக்கும் கைச்சண்டையின் நோக்கம் ஒன்றே. எதிரி மறுபடி எழக்கூடாது. குடிமகனுடைய நோக்கம் அதற்கு மாறானது. அவன் வீடு திரும்பவேண்டும், அவ்வளவே. இந்த வேற்றுமையை உணராத சில பயிற்சி முகாம்களில், கழுத்தை நெரிப்பதும் கண்ணைக் குத்துவதும் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லித்தரப்படுகின்றன. ஊர்ப்பகையும் சாதிச் சண்டையும் புகையும் இடத்தில் அது நெருப்பில் நெய் வார்ப்பதாகும்.

சட்டமும் இந்த வேற்றுமையை அறிந்தே இருக்கிறது. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையிலும் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அது தொடர்கிறது. ஆனால் காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமையில்லை. அரசு அதிகாரிகளிடம் முறையிட நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை. ஓடிப்போகிறவனைத் துரத்திச் சென்று அடித்தவன், “தற்காப்பு” என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. தொட்டு நிறுத்தப் பழகிய சிலம்பக்காரனுக்கு இந்தச் சட்டம் புதிதாகத் தோன்றாது.

மாணவியரைப் பற்றித் தனியே ஒரு சொல். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பெண்களுக்கு ராணி லட்சுமிபாய் பெயரால் மூன்றுமாதத் தற்காப்புப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் மூன்று மாதத்தில் ஒரு பெண் வலிமை மிக்க ஆடவனை வீழ்த்தக் கற்றுவிடுவாள் என்று எவரும் வாக்களிக்கக்கூடாது. பொய்யான துணிவு அச்சத்தைவிட ஆபத்தானது. அம்மூன்று மாதத்தில் கற்கக்கூடியவை வேறு: உரத்த குரலில் ‘விடு’ என்று கத்துதல், பிடித்த கையிலிருந்து கட்டைவிரல் பக்கமாகத் திருகி விடுவித்தல், விடுபட்ட கணமே வெளிச்சமும் மக்களும் உள்ள பக்கம் ஓடுதல், வீட்டில் சொல்லுதல். நம் பெண்கள் பலருக்குக் கத்துவதற்கே முதலில் நாணமாக இருக்கிறது; பழகப் பழகத்தான் குரல் வெளிவருகிறது. மேலும், பெண்களைத் துன்புறுத்துபவருள் பெரும்பாலோர் முன்பின் அறியாதவரல்லர், அறிமுகமானவரே என்பதைக் குற்றப் பதிவுகள் காட்டுகின்றன. அத்தகைய இடத்தில் உதையைவிட, கேட்டு நம்பும் ஒரு தாயோ ஆசிரியையோ பெரிய அரண்.

இனி உடலைப் பற்றி. தேர்வு நெருங்கிவிட்டது என்று ஒரே வாரத்தில் உடலை முறுக்கேற்ற முயல்வோர் பலர். புதியவன் ஒருவனை ஒரே நாளில் முந்நூறு பஸ்கி போடச்செய்தால், தொடைத்தசை நார்கள் சிதைந்து, அந்தச் சிதைவு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தையே அடைத்துவிடக்கூடும். சிறுநீர் காப்பி நிறமாகப் போவது அதன் அடையாளம்; உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தண்டனையாக நூற்றுக்கணக்கில் பஸ்கி போடச்சொல்லும் பயிற்சியாளர் இதை அறியாதவரே. நம் கடற்கரைப் பகுதியில் காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை உலராது, உலராத வியர்வை உடலைக் குளிரவைக்காது. வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் ஓடுபவன் திடீரென்று உளறத் தொடங்கினாலோ தள்ளாடினாலோ, அது வெப்பத்தாக்குதல். நிழலில் கிடத்தித் தலைமுதல் கால்வரை நீரூற்றி விசிறவேண்டும். நினைவு மழுங்கியவன் வாயில் நீர் புகட்டக்கூடாது.

தொடங்குபவர்க்கு முதல் வாரத்தில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாக இருபது நிமிடம் போதும். வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குபோல் கூட்டிக்கொண்டு போகலாம். வாரத்தில் ஒருநாளேனும் தசைகளுக்கு ஓய்வு வேண்டும், அவை வளர்வது அந்த ஓய்விலேதான். தண்டால் பத்து, பஸ்கி இருபது என்று ஆரம்பித்து, மூச்சு ஒழுங்காக இருக்கும்வரை செய்யலாம். மாலையில் செருப்பில்லாமல் மண்தரையில் காலடி பழகலாம். வாத்தியார் நல்லவராக அமைந்தால், நான்காவது வாரத்தில் கம்பு கைக்கு வரும், அதுவும் நடுப்பிடியில்.